ஹங்கேரியப் பூத்தையல்: உள்பக்கத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள்

சிவப்பு ரோஜாவும் நீலப் பூவும் அடர்ந்த ஒரு வின்டேஜ் ரவிக்கையை ஆன்லைனில் பார்க்கிறோம், கீழே "கலோச்சா எம்பிராய்டரி, 19ஆம் நூற்றாண்டு" என்று போட்டிருக்கும், உடனே நம்பிவிடுகிறோம். ஆனால் ஹங்கேரியில் இருக்கும் கலோச்சா ஊரின் பழைய தையல் வெள்ளைத் துணியில் வெள்ளை நூல்தான். இன்றைய பல வண்ணக் கோலாகலம் 20ஆம் நூற்றாண்டில்தான் முழுதாகப் பூத்தது. கடைகளில் சுற்றும் பல ரவிக்கைகள் 1970களின் ஹிப்பி ஃபேஷன் காலத்தவை. அவையும் அழகுதான், ஆனால் அதற்குரிய விலையைக் கொடுங்கள்.

எல்லாவற்றையும் கலோச்சா என்று சொல்வது இன்னொரு தவறு. மெசோகோவெஷ்த் என்ற ஹங்கேரிய ஊர்ப் பக்கத்து மத்யோ தையலில் ரோஜாக்கள் நெருக்கியடித்து நிற்கும், பல நேரம் கறுப்புத் துணியில். 2012இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது அதுதான். கலோட்டாசெக் வட்டாரத் தையலோ பெரும்பாலும் ஒரே நிறத்தில், தடித்த கோடுகளாக வரும். அந்த வட்டாரம் இப்போது ருமேனியாவில் இருக்கிறது, தைப்பவர்கள் அங்கு வாழும் ஹங்கேரியர்கள். அந்தத் தையலின் பெயர் ஈராஷோஷ், அதாவது 'எழுதியது'. துணியில் முதலில் கையால் வரைந்துகொண்டு தைப்பதால் அந்தப் பெயர். நாமும் சித்திரம் எழுதுவது என்றுதானே சொல்கிறோம், எனக்கு அந்தச் சொல்லே அவ்வளவு பிடிக்கும்.

அப்புறம், துணியைத் திருப்பிப் பாருங்கள். கைத்தையல் என்றால் உள்பக்கத்தில் நூல் ஒரு இதழிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியிருக்கும், முடிந்த இடம் தெரியும், ஒன்றுபோல் ஒன்று இருக்காது. மெஷின் தையலில் அடிநூல் தனியாக, அநேகமாக வெள்ளையாக, சீராக ஓடும். ஆனால் மெஷின் என்றாலே போலி என்று ஒதுக்கவும் வேண்டாம், கலோச்சாவில் தையல் மெஷினில் செய்த வேலைக்கும் நீண்ட பழக்கம் உண்டு. கைவேலை என்று சொல்லி விற்றால்தான் ஏமாற்று.

நெஞ்சு பதறுவது துவைக்கும்போதுதான். சிவப்புச் சாயம் வெள்ளைத் துணியில் இறங்கிவிட்டால் அதைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு. சுத்தமான வெள்ளைப் பருத்தித் துண்டை நனைத்து, உள்பக்கத்தில் ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள், முக்கியமாகச் சிவப்பிலும் கறுப்பிலும். லேசாக ஒட்டினாலும் தண்ணீர் வேண்டாம். ஒட்டவில்லை என்றால் குளிர்ந்த தண்ணீர், மென்மையான சோப்பு, அவ்வளவே. ஊற வைக்காதீர்கள், பிழியாதீர்கள். ரேயான் நூல் நனைந்தால் வலுவிழக்கும். டவலில் சுருட்டி ஈரம் எடுத்து நிழலில் விரித்துப் போடுங்கள். பழுப்பேறிய துணியை வெளுக்க பிளீச் போடவே கூடாது. இஸ்திரி போடும்போது பூ கீழ்நோக்கி, அடியில் தடித்த டவல், இல்லாவிட்டால் பூக்களின் மேடு சப்பையாகிவிடும்.

சட்டம் போட்டு மாட்டுவதானால் வெயில் படாத சுவராகப் பாருங்கள், கண்ணாடி நூலைத் தொடாமல் சின்ன இடைவெளி விடச் சொல்லுங்கள்.