டெங்கு வைரசின் மரபணுக்களைப் படிக்கும் முறை

யாழ்ப்பாணத்தில் மாரி மழையோடு நுளம்பும் டெங்குவும் கூடுவதால், உயர்தர உயிரியல் மாணவர்கள் அந்த வைரசையே எடுத்துப் படிப்பது நல்லது. சுமார் 10,700 எழுத்துகள் கொண்ட அதன் ஆர்.என்.ஏ. 10 புரதங்களையே உருவாக்குகிறது. அவற்றில் 3 வைரசின் உடலை அமைக்கின்றன. முதலில் இந்த ஆர்.என்.ஏ.யை வரைந்து, ஒவ்வொரு புரதத்துக்கும் எதிரே அது நோயாளியின் உடலில் செய்வதை எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, வைரசின் உடலை அமைக்காத மற்ற 7 புரதங்களில் (என்.எஸ். புரதங்கள்) ஒன்றான என்.எஸ்.5, தொற்று வந்ததை மற்றக் கலங்களுக்கு அறிவிக்கும் இன்டர்பெரோன் என்ற உடற்புரதத்தின் எச்சரிக்கையைத் தடுக்கிறது.

என்.எஸ்.1தான் நின்று நிதானித்துப் படிக்க வேண்டியது: தொற்றுற்ற கலத்திலிருந்து குருதிக்குள் சுரக்கும் அப்புரதம், குருதிக்கலன்களின் உட்சுவரைத் தளர்த்தி, குருதியின் நீர்ப்பகுதி வெளியே கசிய வழிசெய்கிறது, காய்ச்சலின் முதல் நாட்களில் ஆய்வுகூடம் தேடுவதும் அதையே.

நோயின் கடுமையை வைரசின் மரபணு மட்டும் தீர்மானிப்பதில்லை. 4 டெங்கு வகைகளில் வேறொன்று முன்னர் தொற்றியவருக்கு ஆபத்து கூடுதல் என்பதையும் அருகே குறித்துக்கொள்ளுங்கள்.