தென்படைச் சிப்பாயின் கடிதத்தை வாசிக்கப் பழகுவோம்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) தென் மாநிலக் கூட்டமைப்பின் சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் ஏராளமாக மிஞ்சியிருக்கின்றன. முதல் கடிதம் பெரும்பாலும் புரியாது. பரவாயில்லை, இந்த வரிசையில் போங்கள்.

1. முதலில் கடிதத்தைத் தேடி எடுங்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உருவான 'தி வேலி ஆஃப் தி ஷேடோ' இணையக் காப்பகம் இலவசம். தென்பக்கம் வர்ஜீனியாவின் அகஸ்டா, வடபக்கம் பென்சில்வேனியாவின் ஃபிராங்க்ளின் என இரண்டு கவுண்டிகளின் (நம் மாவட்டம் போன்றவை) கடிதங்கள் அதில் இருக்கின்றன. தட்டச்சுப் பிரதியும் இருப்பதால் தொடங்குவது எளிது.

2. உறை கிடைத்தால் அதையும் பாருங்கள். 1862 ஜூலை முதல் தபால் கட்டணம் 10 சென்ட். சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளமோ 11 டாலர். தன் பெயரையும் படைப்பிரிவையும் உறைமேல் எழுதிவிட்டால் அவன் பணம் கட்டாமலே அனுப்பலாம், வீட்டில் கட்டி வாங்கிக்கொள்வார்கள். தாள் பஞ்சத்தில் பழைய உறையைப் பிரித்து, உட்புறத்தை வெளியே திருப்பி ஒட்டியும் பயன்படுத்தினார்கள்.

3. வாய்விட்டுப் படியுங்கள். பலர் காதில் விழுந்தபடியே எழுதியவர்கள். 'எழுது' (write) என்று சொல்ல வரும் இடத்தில், 'சரி' என்று பொருள்படும் 'ரைட்'டின் (right) எழுத்துகள் இருக்கும். முற்றுப்புள்ளியும் பல நேரம் இருக்காது. கண் தடுமாறும் இடத்தில் காது பிடித்துக்கொள்ளும். பிரதி எடுக்கும்போது பிழைகளைத் திருத்தாதீர்கள், அது அவன் பேச்சு. தாளைக் குறுக்கே திருப்பி, எழுதியதன் மேலேயே மறுபடி எழுதியிருந்தால் ஒரு திசை வரிகளை முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

4. தேதியைப் போரோடு பொருத்துங்கள். வர்ஜீனியாவின் ஃபிரெடெரிக்ஸ்பர்க் அருகே 1862 டிசம்பரில் எழுதியது என்றால், 13-ஆம் தேதிச் சண்டைக்கு முன்னா பின்னா என்பது முக்கியம். 'நான் நலம்' என்ற தொடக்க வரி வழக்கமான வாசகம்தான், ஆனால் வெறும் மரியாதை இல்லை. அந்தப் போரில் குண்டைவிட நோய்க்குப் பலியானவர்களே அதிகம்.

5. இதுதான் நான் உங்களை நின்று செய்யச் சொல்லும் படி. பண்ணை வைத்திருந்தவன் சோளத்தையும் பன்றிகளையும் விசாரிக்கும் அதே மூச்சில், குடும்பப் பெயர் இல்லாமல் சில மனிதர்களைப் பற்றியும் கேட்பான். யாரை வாடகைக்கு விட்டாய், யார் ஓடிப்போனார்? 'வேலையாள்' என்று மென்மையாகச் சொன்னாலும் அவர்கள் பெரும்பாலும் அடிமைகள். மனைவிமேல் அவன் காட்டும் பாசம் உண்மைதான். அந்தப் பாசத்தில் கரைந்து இந்த வரிகளைத் தாண்டிவிடாதீர்கள்.

அந்தப் பெயர்களைத் தனித் தாளில் எழுதுங்கள். என்ன வேலை, எந்த ஊர், யாரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறார்கள் என்பதையும் குறியுங்கள். 1860 கணக்கெடுப்பின் அடிமைப் பட்டியல்களில் பெரும்பாலும் உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயதும் பாலினமும் நிறமும் மட்டுமே உண்டு, அவர்கள் பெயர் இல்லை. அதனால் ஒருவர் அந்த ஊரில் இருந்தார் என்பதற்கு உங்கள் கையிலிருக்கும் கடிதமே சான்றாகலாம். அப்புறம் அதே கவுண்டியின் 1870 கணக்கெடுப்பைத் திறந்து அந்தப் பெயரைத் தேடுங்கள். விடுதலை பெற்ற மக்களை முழுப் பெயரோடு பதிந்த முதல் தேசியக் கணக்கெடுப்பு அது.