காயத்திலிருந்து மீண்டவர்கள் நன்கொடை நெடுநடைக்குத் தயாராவது எப்படி?

எலும்பு முறிவோ பெரிய அறுவை சிகிச்சையோ முடிந்து ஊன்றுகோலைக் கீழே வைத்த பிறகு, நன்கொடை திரட்டும் நெடுநடை ஒன்றில் பெயர் கொடுக்கத் தோன்றுவது இயல்புதான். பலரும் நிகழ்வின் தேதியை முதலில் குறித்துவிட்டு உடலை அதற்கேற்ப விரட்டுகிறார்கள்; உடல் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத் தேதியைத் தேடுவதே சரியான வரிசை.

படி 1: மருத்துவரிடம் விவரமாகக் கேளுங்கள்

"நடக்கலாமா?" என்று மட்டும் கேட்டால், அன்றாட நடமாட்டத்தை மனத்தில் வைத்து "தாராளமாக" என்று சொல்லிவிடுவார். எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம், ஏற்ற இறக்கம் உண்டா என்பதைச் சொல்லி, எலும்பு முழுவதும் கூடிவிட்டதா, உள்ளே வைத்த தகடும் திருகுகளும் அவ்வளவு நடையைத் தாங்குமா, உட்கொள்ளும் மாத்திரைகளால் தடை உண்டா என்று கேளுங்கள். முறிந்த எலும்பு பெரும்பாலும் 6 முதல் 12 வாரங்களில் கூடினாலும், முழு வலுவுக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். படுக்கையில் மெலிந்த தசைகளின் கணக்கு தனி.

படி 2: தொடக்கத் தூரத்தைக் கண்டுபிடியுங்கள்

சமதளத்தில் இயல்பான வேகத்தில் நடந்து, களைப்பு வரும் இடத்தில் அல்லாமல் நொண்டல் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். நாம் நொண்டுவது நமக்கே எளிதில் தெரியாது என்பதால் காதைத் துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது: ஒரு காலடி அழுத்தமாகவும் மற்றது இழுபட்டும் ஒலித்தால், காயம்பட்ட காலைக் காப்பதற்காக உடல் சுமையை மறுகாலுக்குத் தள்ளுகிறது என்று பொருள். அதுவரை நடந்த தூரத்தில் முக்கால் பங்குதான் உங்கள் தொடக்கத் தூரம்.

படி 3: மறுநாள் காலையைப் பார்த்துத் தூரத்தைக் கூட்டுங்கள்

இந்தப் பயிற்சியில் நான் மிகவும் நம்பும் அளவுகோல் இதுதான். நடக்கும்போது உடல் சூடேறியிருப்பதால் வலி மங்கிவிடும். மறுநாள் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளே உண்மையைச் சொல்லும். வலியைப் பத்துக்கு மதிப்பிட்டு, மூன்றைத் தாண்டாமலும் 24 மணி நேரத்துக்குள் அடங்கியும் இருந்தால் அடுத்த வாரம் சிறிது கூட்டலாம். இல்லையேல் முந்தைய தூரத்துக்கே திரும்புங்கள். தூரம், வேகம், ஏற்றம் ஆகிய மூன்றில் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டுமே கூட்ட வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கக்கூடும். அன்றே மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.

நடக்காத நாள்களில், குதிகாலை உயர்த்தித் தாழ்த்துதல், ஒற்றைக் காலில் நிற்றல், தாழ்வான படியில் ஏறி மெதுவாக இறங்குதல் ஆகியவற்றைப் பிசியோதெரபிஸ்ட் காட்டித் தந்த முறையில் செய்யுங்கள். ஏற்றத்தைவிட இறக்கமே தொடைத் தசையையும் முழங்காலையும் அதிகம் சோதிக்கும்.

படி 4: பாதங்களைக் கவனியுங்கள்

நடக்க நடக்கப் பாதம் வீங்கும் என்பதால் காலணியை மாலையில் வாங்குங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகல இடம் வேண்டும். பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்துவைத்துக் கொப்புளத்துக்கு வழிசெய்யும். கம்பளி அல்லது செயற்கை இழைக் காலுறை மேல். எங்காவது சுருக்கென்று காந்தத் தொடங்கினால், அந்த இடத்திலேயே நின்று பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள்.

படி 5: உங்களுக்கேற்ற தூரத்தில் பதிவு செய்யுங்கள்

இடையில் விலகிக்கொள்ள வசதியுள்ள பாதையைத் தேர்ந்தெடுங்கள். குறைந்த தூரம் என்றால் நன்கொடை வராது என்று தயங்க வேண்டாம். 2018இல் இடுப்பெலும்பு முறிந்த பிரிட்டனின் முன்னாள் படைவீரர் டாம் மூர், 2020 ஏப்ரலில், நூறு வயது நிறையும் முன், நடைச் சட்டத்தைப் பிடித்தபடி 25 மீட்டர் நீளத் தோட்டப் பாதையை 100 முறை நடந்தார். மொத்தமே இரண்டரை கிலோமீட்டர். அந்நாட்டு தேசிய சுகாதார சேவைக்கான அறக்கட்டளைகளுக்கு 1,000 பவுண்டு திரட்ட எண்ணியவருக்கு 3 கோடிப் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. பணம் உங்கள் கணக்குக்கு வராமல் நேரே அறக்கட்டளைக்கே போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். மருத்துவ விவரங்களை எவ்வளவு வெளியிடுவது என்பது உங்கள் விருப்பம்.

படி 6: நடை நாள்

முந்தைய இரண்டு வாரங்களில் பயிற்சியைக் குறைத்துவிடுங்கள். அன்று புதுக் காலணி வேண்டாம். வலி வரும் முன்பே வலிநிவாரணி போட்டுக்கொள்வதும் வேண்டாம், ஏனெனில் எச்சரிக்கை வரும் வழியையே அது அடைத்துவிடும். தாகத்துக்கேற்ப நீர் அருந்துங்கள். நொண்டல் தொடங்கினால் நிறுத்தச் சொல்லும் உரிமையை உடன் நடப்பவருக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். கூட்டத்தின் கைதட்டலுக்கு நடுவே அந்த முடிவை நீங்களே எடுப்பது கடினம்.