பெயிண்டுக்கு அடியில் நடப்பது: பழைய பேருந்தைச் சீரமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் சிங்கப்பூரின் சுங்கை காடுட்டில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். எழுபதுகளில் ஓடிய ஆல்பியன் வைக்கிங் பேருந்து ஒன்றுக்கு இரண்டு தம்பிகள் பக்கத்தகடு மாட்டிக்கொண்டிருந்தார்கள். புது அலுமினியத் தகடு. ரிவெட் வரிசை நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. ஆனால் தகட்டுக்கும் உள்ளே இருந்த இரும்புச் சட்டத்துக்கும் நடுவே ஒன்றுமே இல்லை.

"நடுவுல எதுவும் வைக்கலையா தம்பி?"

"மேலே பெயிண்ட் அடிச்சிடுவோம்ல அண்ணே. அப்புறம் தண்ணி எப்படி உள்ளே போகும்?"

பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் இன்னொருவரிடம் சொன்ன அதே பதில். இரவு தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். துரு பார்த்து வாங்குங்கள், கழற்றும்போது படம் எடுத்து வையுங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

அலுமினியத்தை இரும்பின் மேல் நேராக உட்கார வைப்பது

இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு, நடுவில் ஈரமும் கொஞ்சம் உப்பும் சேர்ந்தால் அது ஒரு பேட்டரி. அந்தப் பேட்டரியில் கரைந்துபோவது அலுமினியம். இரும்பும் தப்பிக்காது. பெயிண்ட் விட்டுப்போன இடத்தில் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் தகட்டையும் ரிவெட்டையும் வெளியே தள்ளும்.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மி.மீ. அளவில் மழை பெய்கிறது. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். எங்கே நிறுத்தினாலும் கடல் பக்கம்தான். மழைத்தண்ணீர் உள்ளே போக வேண்டும் என்றுகூட இல்லை. விடியற்காலையில் தகட்டின் உட்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள், வேர்த்திருக்கும்.

என் வண்டியில் பதினான்காவது மாதம் தெரிந்தது. பின்சக்கர வளைவுக்கு மேலே, ஒரு ரிவெட்டை ஒட்டி, பொட்டுக்கடலை அளவில் ஒரு கொப்புளம். நகத்தால் அழுத்தினேன். பெயிண்ட் தோல் மாதிரி உரிந்து, உள்ளேயிருந்து விபூதி போல வெள்ளைப் பொடி கொட்டியது. அப்போதே தகட்டைக் கழற்றியிருக்க வேண்டும். பட்டி பூசி, தேய்த்து, மேலே சிவப்பு அடித்துவிட்டேன். ஆறு மாதத்தில் அதே இடம் ஒரு வெள்ளிக் காசைவிடப் பெரிதாகத் திரும்பி வந்தது. பக்கத்தில் இன்னும் நான்கு. கடைசியில் ஒன்பது தகடுகளையும் கழற்ற வேண்டியதாயிற்று. ஏறக்குறைய ஏழாயிரம் வெள்ளியும், ஐந்து மாத வாரயிறுதிகளும் போயின. பணத்தை விடுங்கள். கழற்றிய இரும்புச் சட்டத்தில் நாற்பது வருடம் தாங்கிய இடங்கள் என் இரண்டு வருடத்தில் செதில் செதிலாக உதிர்ந்திருந்தன. அதுதான் இன்றைக்கும் மனதை அறுக்கிறது.

சரி, எப்படிச் செய்வது? இரும்புச் சட்டத்தை வெறும் உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்து எபாக்ஸி பிரைமர் இரண்டு பூச்சு கொடுங்கள். துளைகளைப் பிரைமருக்கு முன்பே போட்டுவிடுங்கள், துளையின் உள்விளிம்பும் பூச்சுக்குள் வர வேண்டும். தகட்டின் பின்பக்கத்துக்கும் அலுமினியத்துக்கான பிரைமர் உண்டு. இரண்டுக்கும் நடுவே சட்டத்தின் முழு நீளத்துக்கும் சீலன்ட் (ஈரம் புகாமல் அடைக்கும் பசை) டேப். ஒவ்வொரு ரிவெட்டையும் ஈர சீலன்டில் தோய்த்து அடியுங்கள். பாப் ரிவெட் வாங்கும்போது அதன் ஊசியைப் பாருங்கள். தலை அலுமினியமாக இருந்தாலும் ஊசி பெரும்பாலும் இரும்புதான். அதன் முனை உள்ளேயே தங்கித் துருப்பிடித்து, வெள்ளைப் பெயிண்டில் பழுப்புக் கண்ணீராக வழியும். ஊசியும் அலுமினியமாக உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். தகட்டின் கீழ்விளிம்பில் தண்ணீர் வடிய வழி விடுங்கள். இன்னொன்று: இரும்பு வயர் பிரஷ்ஷை அலுமினியத்தில் போடவே கூடாது. இரும்புத் துகள் தகட்டிலேயே தங்கி, அரிப்பு அங்கிருந்தே தொடங்கும்.

மில்லிமீட்டர் ஸ்பேனர்

பிரிட்டிஷ் வண்டி. அங்குல ஸ்பேனர் வாங்குங்கள்.

பிரேக் டிரம்மைக் காற்றடித்துச் சுத்தம் செய்வது

பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். ஈரத்துணியும் நல்ல முகக்கவசமும். காற்றுக்குழாய் பக்கமே போகாதீர்கள்.

எந்த ஆண்டு வண்டி என்று முடிவு செய்யாமல் நிறம் பூசுவது

1971இல் சீனர்களின் தனியார் பேருந்து நிறுவனங்கள் மூன்றாக இணைக்கப்பட்டன. 1973இல் அந்த மூன்றும் சேர்ந்துதான் சிங்கப்பூர் பஸ் சர்வீஸ் (எஸ்பிஎஸ்) ஆனது. சிவப்பு வெள்ளை எஸ்பிஎஸ் நிறம் எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் 1972இல் ஓடியபடி காட்ட நினைக்கிற வண்டிக்கு அதை அடித்தால் அந்த வண்டியின் கதையே மாறிவிடும். உப்புத்தாள் போடும்போது ஒரு மூலையில் மெதுவாக அடுக்கு அடுக்காகத் தேய்த்துப் பாருங்கள், பழைய நிறங்கள் வளையம் வளையமாகத் தெரியும்.

மழை விட்ட கையோடு ஸ்பிரே பிடிக்காதீர்கள். தகட்டின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். தேய்த்த பட்டியை இரவு முழுக்கத் திறந்து போட்டால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீர்

"இங்கே பனியா உறையுது, கூலன்ட் எதுக்கு?" என்பார்கள். கூலன்டில் உறையாமல் காக்கும் மருந்து மட்டுமா இருக்கிறது? துருவைத் தடுக்கும் மருந்தும் இருக்கிறது, நமக்கு வேண்டியது அது.

பல வருடம் நின்ற எஞ்சினை நேராக ஸ்டார்ட் செய்து பார்ப்பது

பணத்தோடு போகாமல் உயிரையும் கேட்கும் தவறு இது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. டீசலும் காற்றும் கிடைக்கும்வரை ஓடும். நீண்ட காலம் நின்றதில் டீசல் பம்பின் ரேக் (எஞ்சினுக்குப் போகும் டீசலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) முழு அளவில் இறுகிப்போயிருந்தால், ஸ்டார்ட் ஆனதும் வேகம் ஏறிக்கொண்டே போகும், ஸ்டாப் லீவரை இழுத்தாலும் அடங்காது. முதலில் எண்ணெய் மாற்றி, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். பம்பின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ரேக் விரலுக்கு வழுக்கிக்கொண்டு போய் வருகிறதா என்று பாருங்கள். அதன் பிறகும், காற்று உள்ளே போகும் வாயை முழுதாக மூடக்கூடிய தடித்த பலகை ஒன்றை வைத்துக்கொண்டு ஒருவர் பக்கத்திலேயே நிற்கட்டும். கையால் மூடலாம் என்று நினைக்க வேண்டாம், இழுத்துக்கொள்ளும்.