சிமிலன் தீவுகளுக்கு ஒருநாள் படகுப் பயணம்: முன்னேற்பாடுகள்

தாய்லாந்தின் அந்தமான் கடலிலுள்ள சிமிலன் தீவுகள் தேசியப் பூங்கா பருவமழைக் காலத்தில் மூடப்பட்டு, ஏறத்தாழ அக்டோபர் நடுவிலிருந்து மே நடுப்பகுதி வரை மட்டுமே திறந்திருக்கும் என்பதால், திறந்திருக்கும் தேதிகளைப் பார்த்த பிறகே விமானச் சீட்டை வாங்குங்கள். 2018 முதல் தீவில் இரவு தங்க அனுமதி இல்லை. காலையில் சென்று மாலையில் திரும்பும் விரைவுப் படகே பெரும்பாலோருக்கு வழி.

திறந்த கடலில் ஒரு மணி நேரத்துக்கும் மேலான ஓட்டத்தில் படகின் முன்பகுதி அலைகளில் எழும்பி அடிக்கும். முதுகுவலி உள்ளவர்கள் சற்று முன்னதாகவே வந்து பின்வரிசையில் இடம்பிடிப்பது நல்லது. கர்ப்பிணிகள் இப்பயணத்தைத் தவிர்க்க வேண்டும். குமட்டலைத் தடுக்கும் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, படகு ஏறுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பாவது விழுங்கிவிடுங்கள். குமட்டல் தொடங்கிய பின் விழுங்கினால் பலன் குறைவு.

பவளத்தைப் பாதிக்கும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் உள்ளிட்ட வேதிப்பொருள்கள் கலந்த வெயில்காப்புக் களிம்புகளுக்குத் தாய்லாந்தின் தேசியப் பூங்காக்களில் 2021 முதல் தடை உள்ளது. முகம் நீருக்குள் இருக்கக் குப்புற மிதந்து மீன்களைப் பார்க்கும்போது முதுகும் கால்களின் பின்புறமும்தான் கடுமையாகக் கருகும். ஆகவே களிம்பைக் காட்டிலும் முழுக்கை நீச்சல் சட்டையும் நீண்ட காற்சட்டையுமே சிறந்த காப்பு என்பது என் உறுதியான கருத்து. கைப்பேசி, கடவுச்சீட்டு, மாற்றுடை ஆகியவற்றை நீர்புகாப் பையில் வையுங்கள்.