லியனார்டோவின் தோள் ஓவியங்களைப் பார்த்து வரையப் பழகும் முறை

லியனார்டோ டா வின்சியின் உடற்கூற்று ஏடுகளைப் பார்த்து வரையப் பழக விரும்புவோர், 1489-இல் அவர் வரைந்த மண்டையோடுகளை விட்டு, 1510–11 பனிக்காலத்து ஏடுகளிலிருந்து தொடங்குவதே நல்லது. பதினெட்டே தாள்களில் 240-க்கும் மேற்பட்ட படங்கள் நெருக்கியடித்து நிற்கும் அத்தொகுதி இன்று இங்கிலாந்தின் வின்சர் கோட்டையில் இருக்கிறது. மண்டையோடுகள் அழகானவைதான், ஆனால் தசை எலும்பை எப்படி இழுக்கிறது என்பதை அவை கற்றுத்தரா.

ஏட்டிலுள்ள எழுத்து வலமிருந்து இடமாகச் செல்லும். அதைப் படிப்பதற்காகக் கணினியில் படத்தைத் திருப்பிவிட்டு, அப்படியே வரையத் தொடங்கிவிடக் கூடாது, இடத்தோள் வலத்தோளாகிவிடும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

முதலில் காறை எலும்பு, தோள்பட்டை எலும்பு, மேற்கை எலும்பு ஆகியவற்றை மட்டும் மெல்லிய கோட்டில் அமைத்துக்கொள்ளவும். அடுத்து, தசையின் பருமனை வரையாமல், ஒவ்வொரு தசைக்கும் பதிலாக அது தொடங்கும் இடத்திலிருந்து சென்று பற்றும் இடம்வரை ஒரு நூலை மட்டும் இழுக்கவும். இது லியனார்டோவே கையாண்ட உத்தி. சதையாக வரைந்தால் மேல்தசை கீழ்தசையை மறைத்துவிடும். நூலாக வரைந்தால், எது எதன்மேல் செல்கிறது, எந்தத் திசையில் இழுக்கிறது என்பதெல்லாம் ஒரே பார்வையில் விளங்கிவிடும். நூல்கள் சரியாக அமைந்த பிறகே சதையேற்ற வேண்டும். பின்னர் அதே தோளைச் சற்றுச் சற்றாகத் திருப்பி, முன்புறம் தொடங்கி முதுகுப்புறம்வரை மீண்டும் மீண்டும் வரையவும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் ஒரு கோணத்தில் மட்டும் வரைந்தவருக்குத் தோள் பிடிபடாது.

லியனார்டோ இடக்கையர் என்பதால் அவருடைய நேர்கோட்டு நிழல்கள் இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாகச் சரியும்; வலக்கையர்கள் தாளைக் கால் வட்டம் திருப்பி வைத்துக்கொண்டால் அந்தச் சரிவு எளிதாக வரும். தசைகளின்மீது கோடுகள் அவற்றின் உருட்சியைத் தழுவி வளைய வேண்டும்.

முன்கைப் படங்களுக்கு வரும்போது, முழங்கையை மடக்கி, மறுகை விரல்களை மேற்கையின்மீது வைத்தபடி, கவிழ்ந்திருக்கும் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பிப் பாருங்கள். விரல்களுக்கடியில் இருதலைத்தசை திரண்டெழும். அத்தசை முழங்கையை மடக்குவதோடு உள்ளங்கையையும் திருப்புகிறது என்பதை லியனார்டோ அந்த ஏட்டிலேயே காட்டியிருக்கிறார்.

எல்லா ஏட்டையும் இப்படி நம்பிவிட முடியாது. கருப்பையில் சிசு சுருண்டிருக்கும் புகழ்பெற்ற படத்தில், நஞ்சுக்கொடியின் அமைப்பு பசுவினுடையது.