ரத்தம் கொடுத்தவர்களுக்கே முதலில்: ஆய்வு முடிவை மக்களிடம் எடுத்துச் சொல்லும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் ஆய்வுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, இடுப்பை அளந்து, கேள்வித்தாள் நிரப்பிக்கொண்டு வந்திருப்பீர்கள். கணக்கெல்லாம் முடிந்துவிட்டது, கட்டுரையும் ஏற்கப்பட்டுவிட்டது. கோயில் வாசலில் ஓர் ஆயா உங்களை அடையாளம் கண்டு, "தம்பி, அன்னிக்கு ரத்தம் எடுத்துட்டுப் போனீங்களே, என்ன வந்துச்சு?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? அந்தப் பதிலைத் தயாரிப்பது எப்படி என்பதுதான் இந்தக் குறிப்பு. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், எச்.ஐ.வி. போன்ற உடல்நல ஆய்வுகளை மனதில் வைத்து எழுதியது. பள்ளி, மொழி, வேலைவாய்ப்பு ஆய்வுகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

யாருக்கு முதலில்?

வரிசை முக்கியம். தனக்கு ஷுகர் இருக்கிறது என்று ஒருவர் வானொலியில் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது. உடனே மருத்துவம் தேவைப்படும் அளவு யாருக்காவது வந்திருந்தால், ஆய்வு முடியும்வரை காத்திராமல் அந்த வாரமே ஆளைப் பார்த்துச் சொல்லுங்கள். கிளினிக்கில் காட்டுவதற்கான பரிந்துரைக் கடிதத்தையும் கையிலேயே கொடுங்கள். மற்றவர்களின் தனிப்பட்ட முடிவுகள் மூடிய உறையில், அவரவர் கைக்கே போக வேண்டும். மகளிடமோ மருமகளிடமோ கொடுத்துவிட்டு வரக் கூடாது. தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவலுக்குத் தனிக் காவல் உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும் அது அவருடைய உடம்பின் செய்தி.

அடுத்தது, ஆய்வுக்கு என்று அமைத்த சமூக ஆலோசனைக் குழு. அவர்களிடம் ஒரு வாரம் முன்னதாகவே முழு முடிவையும் காட்டுங்கள். மக்கள் எதில் கோபப்படுவார்கள், எதைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்பது உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பிறகு பங்கேற்றவர்களின் கூட்டம். அதன் பிறகே வானொலி, பத்திரிகை, முகநூல் எல்லாம்.

இங்கே ஒரு முட்டுக்கட்டை வரும். கட்டுரை வெளியாகும் நாள்வரை முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று ஆய்விதழ்கள் தடை வைத்திருக்கும். அந்த நாளை முன்கூட்டியே கேட்டு வாங்கி, காலையில் பங்கேற்றவர்களுக்கும் மாலையில் செய்தியாளர்களுக்கும் என்று ஒரே நாளில் வையுங்கள். அதற்கும் முன்னால் சொல்ல வேண்டியிருந்தால் ஆசிரியர் குழுவிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். பங்கேற்றவர்களுக்குக் கொடுக்கும் தாளை அறநெறிக் குழுவுக்கு அனுப்பவும் காலம் வேண்டும். அதை நாட்காட்டியில் முதலிலேயே எழுதிவைக்காதவர்கள்தான் கடைசியில் கூட்டத்தைக் கைவிடுகிறார்கள்.

இந்த நாட்டில் இந்த வரிசையை அழுத்தமாகச் சொன்னவர்கள் தெற்கு ஆப்பிரிக்காவின் பழங்குடிகளான சான் மக்கள். 2010இல் அவர்களில் சிலரின் மரபணு வரிசை உலகறிய வெளியானது. தங்கள் தலைவர்களைக் கலந்து பேசாமலே வெளியிட்டார்கள் என்பது அவர்கள் மனக்குறை. 2017இல் தங்களுக்கென்று ஓர் ஆய்வு நெறிமுறையை அவர்களே வெளியிட்டார்கள். ஜன்னல் வழியாக அல்ல, வாசல் வழியாக வாருங்கள் என்பது அவர்களின் தலைவர்களில் ஒருவரான ஆன்ட்ரீஸ் ஸ்டீன்காம்ப் ஆய்வாளர்களிடம் வைத்த வேண்டுகோள். போகும்போதும் அதே வாசல் வழியாகச் சொல்லிவிட்டுப் போவதுதான் முறை.

விழுக்காட்டை ஆட்களாக மாற்றுங்கள்

பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது. டர்பனிலும் வுலிண்ட்லெலா என்ற கிராமப்புறத்திலும் நடந்த காப்ரிசா 004 என்ற எச்.ஐ.வி. தடுப்பு ஆய்வையே எடுத்துக்கொள்வோம். 889 பெண்களில் ஒரு பாதிப் பேருக்கு, பிறப்புறுப்பில் வைத்துக்கொள்ள, டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து சேர்த்த ஜெல்லும், மறுபாதிக்கு மருந்து சேர்க்காத ஜெல்லும் கொடுத்தார்கள். 2010 ஜூலையில் வியன்னா எய்ட்ஸ் மாநாட்டில் முடிவு வெளியானது: எச்.ஐ.வி. தொற்று 39 விழுக்காடு குறைந்தது.

இந்த 39ஐ மட்டும் கேட்கும் ஒரு பெண் என்ன நினைப்பார்? "நூற்றில் 39 பேரைக் காப்பாற்றியிருக்கிறது" என்று நினைக்கலாம். "எனக்கு 39 விழுக்காடு பாதுகாப்பு" என்றும் நினைக்கலாம். இரண்டுமே சரியில்லை. ஆய்வில் நடந்தது இதுதான்: மருந்து இல்லாத ஜெல் வைத்த 100 பெண்களை ஓராண்டு கவனித்தால் 9 பேருக்குத் தொற்று வந்தது. மருந்து ஜெல் வைத்த 100 பெண்களில் ஏறக்குறைய 6 பேருக்கு வந்தது. (துல்லியமாகச் சொன்னால் 9.1, 5.6. அந்த 9.1, 5.6 ஆகக் குறைந்ததுதான் 39 விழுக்காடு.) இப்படிச் சொன்னால் கேட்பவருக்கு இரண்டு விஷயம் ஒன்றாகப் போய்ச் சேரும். ஜெல் உதவியது. ஜெல் வைத்தும் 6 பேருக்கு வந்தது. இரண்டாவதை விட்டுவிட்டால் ஆணுறையைத் தூக்கி எறிய நீங்களே வழி செய்தவர்கள் ஆவீர்கள்.

ஆகவே எப்போதும் ஒரே எண்ணிக்கையை அடித்தளமாக வையுங்கள். ஒரு வரியில் "100இல் 9", அடுத்த வரியில் "1,000இல் 56" என்று மாற்றினால் 56தான் பெரிதாகத் தெரியும். காலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: ஓராண்டிலா, பத்தாண்டிலா? தாளில் பத்துக்குப் பத்தாக 100 வட்டம் வரைந்து, ஒன்றில் 9 வட்டத்துக்கும் பக்கத்துப் படத்தில் 6 வட்டத்துக்கும் நிறம் தீட்டுங்கள். எழுத்து வாசிக்காதவரும் அதைப் பார்த்துப் புரிந்துகொள்வார்.

நிச்சயமின்மையையும் மறைக்காதீர்கள். அதே ஆய்வின் 39க்குப் பின்னால் 6 முதல் 60 வரை என்ற இடைவெளி உண்டு. இதைக் கூட்டத்தில் சொல்லலாம்: "எங்கள் கணக்குப்படி 39. ஆனால் உண்மை அளவு 6 என்று சிறிதாகவும் இருக்கலாம், 60 என்று பெரிதாகவும் இருக்கலாம். இன்னொரு ஆய்வு செய்து பார்த்தால்தான் தெளியும்." சமையல் செய்கிறவர்களுக்கு "கண்ணளவு" என்பது பழக்கமான சொல். "தராசில் நிறுத்த அளவு இல்லை, நல்ல கண்ணளவு" என்றால் புரிந்துகொள்கிறார்கள்.

சர்க்கரை அளவில் நம்மவர்களுக்கென்று தனிக் குழப்பம் ஒன்று இருக்கிறது. டர்பன் கிளினிக்கில் கருவி காட்டுவது மில்லிமோல் கணக்கு. தமிழ்நாட்டு மருத்துவர்கள் யூடியூபில் பேசுவது மில்லிகிராம் கணக்கு. "வெறும் வயிற்றில் 126க்கு மேல் போனால் ஷுகர்" என்று காணொளியில் கேட்ட ஒருவர், தன் கருவியில் 9 என்று பார்த்ததும் நிம்மதியாகி மாத்திரையை நிறுத்திவிடக்கூடும். 9ஐ 18ஆல் பெருக்கினால் 162. அவர் 126ஐ எப்போதோ தாண்டிவிட்டார். உங்கள் தாளில் இரண்டு கணக்கும் பக்கம் பக்கமாக இருக்கட்டும்: 7.0 என்றால் 126. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனையின் 6.5 வேறு வகை எண். அதை இந்த 7.0 பக்கத்தில் போடாமல் தனிப் பெட்டியில் போடுங்கள். எண்கள் கிட்டக்கிட்ட இருப்பதால் மாற்றிப் படித்துவிடுவார்கள்.

சொல் தேர்வு

ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் பெயர்ப்பதாக நினைத்து உட்காராதீர்கள். ஆயாவிடம் வாயால் சொல்லிப் பார்த்து, சொன்னதை எழுதுங்கள். சில சொற்கள் கண்ணிவெடி போன்றவை.

மருந்தில்லாத ஜெல்லை, மாத்திரையை "போலி மருந்து" என்று எழுதுகிறார்கள். போலி என்றால் ஏமாற்று. "எனக்குப் போலி மருந்தா கொடுத்தீங்க?" என்று ஒருவர் எழுந்து கேட்டால் கூட்டம் அங்கேயே முடிந்தது. "மருந்து சேர்க்காத மாத்திரை" என்றே சொல்லுங்கள். யாருக்கு எது போனது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "பாசிட்டிவ்" என்றால் நல்ல செய்தி என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கிருமி இருக்கிறது, இல்லை என்று நேராகச் சொல்லலாம். "ரத்த மாதிரி" என்பதைவிட "உங்களிடம் எடுத்த ரத்தம்" தெளிவு. புள்ளியியலில் "சிக்னிஃபிகன்ட்" என்பதை "முக்கியமான" என்று பெயர்க்கவே கூடாது. தற்செயலாக வந்திருக்க வாய்ப்புக் குறைவு என்பதே அதன் பொருள். மிகச் சிறிய, யாருக்கும் பயன்படாத வித்தியாசமும் அந்தச் சோதனையில் தேறிவிடலாம்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது "ஆல்" என்ற சின்ன உருபு. "வெள்ளை ரொட்டி சாப்பிடுவதால் ஷுகர் வருகிறது" என்று எழுதினால் ரொட்டியைக் குற்றவாளி ஆக்கிவிட்டீர்கள். ஒருமுறை மட்டும் அளந்து பார்த்த ஆய்வு அவ்வளவு தூரம் பேசாது. "வெள்ளை ரொட்டி அதிகம் சாப்பிடுகிறவர்களிடம் ஷுகரும் அதிகம் காணப்பட்டது. ரொட்டிதான் காரணமா என்று இந்த ஆய்வால் சொல்ல முடியாது." எழுதி முடித்த தாளை எடுத்து "ஆல்", "ஆகவே", "விளைவாக" எல்லாவற்றையும் வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆய்வில் ஆதாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

தாள் ஒரே பக்கம் இருக்கட்டும். எழுத்து 14 புள்ளிக்குக் குறையக் கூடாது. யாரிடம் என்ன கேட்டோம், என்ன கண்டோம், எது இன்னும் தெரியவில்லை, நீங்கள் இப்போது என்ன செய்யலாம், யாரைக் கேட்கலாம். அவ்வளவுதான். டர்பனில் தமிழ் பேசும் மூத்தவர்களில் தமிழ் எழுத்து வாசிக்காதவர்கள் உண்டு. அவர்களுக்கு அதே தாளை இரண்டு நிமிட ஒலிப்பதிவாக்கி வாட்ஸ்ஆப்பில் அனுப்புங்கள். ஆங்கிலத் தாளும் ஜூலுத் தாளும் கூடவே வேண்டும். தமிழில் எழுதியதை வேறொருவரிடம் கொடுத்து, மூலத்தைக் காட்டாமல் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். எங்கே விலகுகிறதோ அந்த வரியை மாற்றி எழுதுங்கள்.

அச்சுக்குப் போகுமுன் ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஐந்து பேரிடம் படித்துக் காட்டுங்கள். "புரிந்ததா?" என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். மரியாதைக்காக எல்லாரும் "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார்கள். "வீட்டுக்குப் போய் அண்ணனிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். ஐந்தில் இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் தவறு தாளில் இருக்கிறது.

கூட்டம்

கோயில் மண்டபம் நல்ல இடம். காவடி நாளிலும் கூழ் ஊற்றும் நாளிலும் வைக்காதீர்கள், யாருக்கும் நேரம் இருக்காது. புரட்டாசியில் வைப்பதானால் கோயில் நிர்வாகத்தைக் கேட்டு, பூஜை நேரத்துக்கு இடையூறு இல்லாமல் வையுங்கள். எச்.ஐ.வி. போன்ற ஆய்வு என்றால் கோயில் வேண்டாம். மண்டபத்துக்குள் நுழைவதே ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பேச்சு 20 நிமிடம், கேள்வி 40 நிமிடம். மாறிப்போனால் அது விரிவுரை. பெண்கள் பலர் மைக்கில் கேட்கத் தயங்குவார்கள். துண்டுச் சீட்டும் பென்சிலும் நாற்காலியிலேயே வைத்துவிடுங்கள். சர்க்கரை நோய் ஆய்வைப் பற்றிப் பேசிவிட்டு டீயோடு இனிப்பு கொடுக்காதீர்கள்.

சின்ன எண்களில் கவனம் தேவை. "இந்தத் தெருவில் 3 பேருக்கு" என்றால் அடுத்த நிமிடமே அந்த மூவர் யார் என்று பேச்சு தொடங்கிவிடும். ஐந்துக்கும் குறைவான எண்ணிக்கையைத் தனியாகக் காட்டாமல் பெரிய பகுதியோடு சேர்த்துவிடுங்கள். "தமிழர்களுக்குத்தான் இந்த நோய்" என்று தொனிக்கும் வாக்கியம் எதுவும் இருக்கக் கூடாது. உங்கள் ஆய்வில் தமிழர்கள் மட்டுமே இருந்தார்கள் என்றால் அதைச் சொல்லுங்கள்.

வானொலியிலும் பத்திரிகையிலும்

லோட்டஸ் எஃப்.எம். போன்ற நிலையத்தில் ஐந்து நிமிடம் கிடைத்தால் ஒரே முடிவைச் சொல்லுங்கள், ஓர் எண், தெரியாத ஒன்று, செய்ய வேண்டிய ஒன்று. தலைப்பை நிலையத்தாரே வைப்பார்கள். ஆகவே நீங்கள் சொல்ல விரும்பாத தலைப்பு எது என்பதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

சக ஆய்வாளர்கள் சரிபார்க்காத முடிவோடு மைக் முன் நிற்கவே கூடாது. 1997 ஜனவரியில் பிரிட்டோரியாவைச் சேர்ந்த சில ஆய்வாளர்கள் வெறும் 11 நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்த விரோடீன் என்ற மருந்தை, எய்ட்ஸுக்கு மருந்து என்று நாட்டின் அமைச்சரவை முன்னாலேயே கொண்டுபோய் வைத்தார்கள். அதன் மூலப்பொருள் ஈரலைக் கெடுக்கும் ஒரு தொழிற்சாலைக் கரைப்பான். சாவோடு போராடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது கொடுத்த பொய் நம்பிக்கை எவ்வளவு பெரிய கொடுமை.

அவசரம் உண்மையாகவே இருந்தால் என்ன செய்வது? 2021 நவம்பர் 25 அன்று, பின்னர் ஒமிக்ரான் என்று பெயர் பெற்ற கொரோனா வகையைத் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். எவ்வளவு மாறியிருக்கிறது, எங்கே பரவுகிறது என்பது தெரியும், தடுப்பூசி நிற்குமா, நோய் கடுமையாகுமா என்பது இன்னும் தெரியாது என்று பிரித்தே சொன்னார்கள். அன்றிரவே பிரிட்டன் இந்த நாட்டு விமானங்களுக்குத் தடை அறிவித்தது. நேர்மையாகச் சொன்னதற்கு விலை கொடுக்க நேரலாம். அதற்காகச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் "இதைக் கேட்டு யார் என்ன செய்வார்கள்?" என்ற கேள்வியை அறிவிக்கும் முன்பே குழுவோடு உட்கார்ந்து பேசி வையுங்கள்.

முடிவு மாறினால்

காப்ரிசா ஜெல்லின் கதை 2010ஓடு முடியவில்லை. தென்னாப்பிரிக்காவின் வேறு பல இடங்களில் அதே ஜெல்லை ஃபேக்ட்ஸ் 001 ஆய்வு சோதித்தது. 2015இல் வந்த முடிவில், மருந்து ஜெல் வைத்தவர்களிலும் மருந்து சேர்க்காத ஜெல் வைத்தவர்களிலும் ஓராண்டில் 100க்கு 4 பேருக்கே தொற்று, வித்தியாசம் இல்லை. சொன்னபடி ஒவ்வொரு முறையும் ஜெல் வைப்பது பல பெண்களுக்கு முடியவில்லை என்பது பெரிய காரணம். அந்தப் பெண்களைக் குறை சொல்லும் தொனி வராமல் இதைச் சொல்வதும் ஒரு பொறுப்பு: "வாழ்க்கைக்கு ஒத்துவராத முறையாக இருந்தது" என்பது உண்மை, மரியாதையும்கூட.

உங்கள் முடிவும் நாளை மாறலாம். அதனால் தாளின் மேலேயே தேதி போடுங்கள். பங்கேற்றவர்களின் தொடர்பு எண்களை, அவர்கள் சம்மதித்த காலம்வரை, பூட்டிய கோப்பில் வைத்திருங்கள். திருத்தம் வந்தால் வலைப்பக்கத்தின் மூலையில் ஒரு வரி சேர்ப்பதோடு விடாமல், அதே மண்டபத்துக்கு, அதே ஆட்களிடம், பழைய தாளையும் புதிய தாளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு போங்கள்.